பூத்திருப்பது எந்தக் குறிஞ்சி? மலையில் நின்று இனம் பிரிக்க ஒரு முழு வழிகாட்டி

ஆகஸ்ட் தொடங்கி அக்டோபர் முடிவதற்குள் எங்காவது ஒரு மலையில் “12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி பூத்தது” என்று செய்தி வந்துவிடும். அடுத்த வருடம் வேறொரு மலையின் பெயரோடு அதே செய்தி திரும்ப வரும். 12 ஆண்டுக்கு ஒருமுறை என்றால் இது எப்படி என்று யாருக்கும் தோன்றும். இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, குறிஞ்சி என்று நாம் சொல்வது ஒரே செடி இல்லை. ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற பேரினத்தில் உலகெங்கும் 400க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் பல பத்து இனங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. இரண்டாவது, நீலக்குறிஞ்சி என்ற ஒரே இனத்திலும் எல்லா மலைக்கூட்டங்களும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறை பக்கம் கள்ளிப்பாறை மலையில் 2022இல் பூத்தது. மூணாறில் பெரிய பூப்பு 2018இல் வந்தது. இரண்டு மலைகளும் ஒரே மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

ஆகவே “இந்த வருடம் பூத்தது, அதனால் இது இன்ன இனம்” என்று சொல்ல முடியாது. “நீலமாக இருக்கிறது, அதனால் நீலக்குறிஞ்சி” என்பதும் அப்படித்தான். நிறம், ஆண்டு இரண்டையும் கடைசியில் வைத்துக்கொண்டு, இலையிலும் பூவடிச் செதிலிலும் தொடங்குபவர்தான் சரியான பெயருக்கு வந்து சேருவார். இந்த வழிகாட்டியின் படிகள் அந்த வரிசையில்தான் போகின்றன.

கிளம்பும் முன்

10 மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்று, 15 செ.மீ. அடிக்கோல் ஒன்று, மழையில் நனைந்தாலும் எழுதக்கூடிய பென்சிலும் நோட்டும், உயரமும் இடமும் பதிவாகும்படி அமைத்த போன். இவ்வளவு போதும். பெரிய கேமரா இருந்தால் நல்லது, ஆனால் அது இல்லாததால் யாரும் இனத்தைத் தவறாகச் சொல்வதில்லை. இலையின் அடிப்பக்கத்தைப் படம் எடுக்காமல் வருவதால்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தத்துக்குப் பின் நீலக்குறிஞ்சி அதன் மூன்றாம் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. காட்டில் பறிப்பதும் பிடுங்கிக்கொண்டு வருவதும் தண்டனைக்குரிய குற்றம். 2024இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலிலும் இது அழியும் அபாயத்துக்கு ஆளாகக்கூடிய இனமாகச் சேர்க்கப்பட்டது. தேயிலைத் தோட்டங்கள், சீகை மரமும் கற்பூர மரமும் நட்ட காடுகள், பெருகும் கட்டடங்கள் எல்லாம் சேர்ந்து அதன் புல்வெளியைத் தின்றுவிட்டன. ஆகவே கீழே எங்கெல்லாம் “பிரித்துப் பாருங்கள்” என்று வருகிறதோ, அங்கெல்லாம் தரையில் உதிர்ந்து கிடக்கும் பூவையும் காய்ந்த இலையையும்தான் சொல்கிறேன். பூத்த மலையில் உதிர்ந்த பூவுக்குப் பஞ்சமே இருக்காது.

படி 1: முதலில் இது குறிஞ்சிதானா?

இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். மலையில் ஊதாவாகப் பூத்ததெல்லாம் குறிஞ்சி என்று படம் போட்டுவிடுகிறார்கள்.

குறிஞ்சியின் குடும்பம் நமக்குப் பழகிய குடும்பம்தான். கனகாம்பரம், டிசம்பர் பூ, ஆடாதோடை, நிலவேம்பு எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் எச்சிலில் நனைத்து வெடிக்கவிடும் பட்டாசுக்காயும் இந்தக் குடும்பமே. இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருக்கும். காய் இரண்டு பாதியாக வெடித்துத் திறக்கும். உள்ளே ஒவ்வொரு விதையையும் ஒரு சிறு கொக்கி தாங்கியிருக்கும். காய்ந்த இலையை லென்ஸில் பார்த்தால் மேல்பரப்பில் நுண்ணிய வெள்ளைக் கோடுகள் சிதறிக் கிடப்பது தெரியும். அவை செல்லுக்குள் படிந்த சுண்ணாம்புப் படிகங்கள்.

குழப்புகிற முதல் ஆள் துளசிக் குடும்பம். மலைச்சரிவில் ஊதாக் கதிர்களோடு அந்தக் குடும்பத்துச் செடிகள் நிறைய நிற்கும். “தண்டு சதுரமாக இருந்தால் துளசி வகை” என்று பலர் சொல்லித் தருவார்கள். இங்கே அந்த விதி உதவாது, ஏனென்றால் பல குறிஞ்சிகளின் இளந்தண்டும் நான்கு முனையோடுதான் இருக்கும். பூவைப் பாருங்கள். துளசி வகையில் அல்லி, அதாவது பூவின் நிறமுள்ள இதழ்ப் பகுதி, மேலுதடு, கீழுதடு என்று தெளிவாகப் பிளந்திருக்கும். குறிஞ்சியில் குழாய் மேலே விரிந்து ஏறக்குறைய ஒரே அளவான ஐந்து மடல்களாக முடியும். பூ உதிர்ந்த பிறகு துளசி வகையின் புல்லிக்குள், அதாவது பூவின் அடியில் இருக்கும் பச்சை உறைக்குள், நான்கு சின்ன மணிகள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். குறிஞ்சியில் நீண்ட ஒற்றைக் காய்தான்.

இரண்டாவது ஆள் சொந்தக் குடும்பத்திலேயே இருக்கிறார்: டிசம்பர் பூவும் அதன் காட்டு உறவுகளும். பூ நீலம், மடல் ஐந்து, இலை எதிரிலை. தூரத்தில் அசப்பில் குறிஞ்சிதான். புல்லி இதழ்களை எண்ணுங்கள். டிசம்பர் பூவில் நான்குதான். வெளியே இரண்டு அகலமாகவும் உள்ளே இரண்டு ஒடுக்கமாகவும் இருக்கும். குறிஞ்சியில் ஐந்து. இதைப் பார்க்க லென்ஸ்கூட வேண்டாம்.

கடைசியாக, உதிர்ந்த பூ ஒன்றின் குழாயை நீளவாக்கில் கீறித் திறந்து பாருங்கள். ஸ்ட்ரோபிலாந்தஸில் குழாயின் உட்சுவரில் இரண்டு வரிசை மயிர் ஓடும். சூல்தண்டு அந்த இரண்டு வரிசைக்கும் நடுவே பிடித்துவைத்தது மாதிரி சுவரோடு ஒட்டிப் படுத்திருக்கும். இதைக் கண்டுவிட்டால் குறிஞ்சியா இல்லையா என்ற கேள்வி முடிந்தது. இனி எந்தக் குறிஞ்சி என்பதுதான்.

படி 2: எங்கே நிற்கிறீர்கள்?

இடம் பாதி வேலையை முடித்துவிடும். நீலக்குறிஞ்சி, அதாவது ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,340 முதல் 2,600 மீட்டர் வரையிலான சோலைப் புல்வெளிகளில், அதாவது சோலை எனப்படும் குட்டை மரக்காடுகளை அடுத்த உயர்மலைப் புல்வெளிகளில், வளர்வது. நீலகிரி, பழனி மலை, ஆனைமலை, மூணாறு, இரவிகுளம் எல்லாம் அதன் ஊர்கள். கிழக்குத் தொடர்ச்சி மலையில் சேர்வராயன் மலையில், அதாவது ஏற்காட்டில், மட்டும் ஒரு கூட்டம் இருக்கிறது. நீங்கள் 600 மீட்டர் உயரத்தில், ஈரமான பசுமைமாறாக் காட்டுக்குள் மரநிழலில் ஒரு குறிஞ்சியைப் பார்த்தால் அது நீலக்குறிஞ்சியாக இருக்க வாய்ப்பே குறைவு. அங்கே கருங்குறிஞ்சி என்று மலையாளத்து வைத்தியர்கள் சொல்லும் கூட்டத்தை முதலில் நினைக்க வேண்டும்.

எழுத வேண்டியவை: மலையின் பெயர், உயரம், திறந்த புல்வெளியா, சோலையின் விளிம்பா, சோலைக்குள்ளா, ஓடைக்கரையா. போன் காட்டும் உயரத்தில் பல மீட்டர் தவறு இருக்கலாம், அது பரவாயில்லை. “ஊட்டி” என்று மட்டும் எழுதிவைப்பதுதான் பயனில்லாதது. ஊட்டியில் புல்வெளியும் உண்டு, சோலையும் உண்டு, சாலையோரப் பூங்காவும் உண்டு.

படி 3: செடியின் உருவம்

உயரத்தை நம்பி ஏமாறாதீர்கள். காற்று அறையும் திறந்த சரிவில் நீலக்குறிஞ்சி முழங்கால் அளவில், 30 முதல் 60 செ.மீ. உயரத்தில் குட்டையாக நிற்கும். அதே இனம் காற்றுப் படாத மடிப்பில் ஆளுயரத்தைத் தாண்டும். 3 மீட்டர் வரைகூடப் போகும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் இரண்டு இனம் என்று அடித்துச் சொல்வார்.

உருவத்தில் உண்மையாகவே உதவுவது கூட்டம் சேரும் விதம். சரிவு முழுக்க ஒரே வயதுச் செடிகளாக, இடையில் வேறெதுவும் அதிகம் இல்லாமல் நிற்கிறதா? அல்லது சோலைக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவா? முன்னதாக இருந்தால், எல்லாம் ஒன்றாய் முளைத்து ஒன்றாய்ப் பூத்து, காய்த்ததும் ஒன்றாய் மடியும் இனம் என்று கொள்ளலாம். நீலக்குறிஞ்சி அப்படிப்பட்டது. ஆனால் அது மட்டும் அப்படி இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

படி 4: இலை. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

பூ சில வாரங்களில் போய்விடும், இலை வருடக்கணக்கில் இருக்கும். ஒரு குறிஞ்சியின் இலையை ஒழுங்காகப் பார்க்கப் பழகியவருக்குப் பூக்காத வருடத்திலும் பெயர் சொல்ல வரும். பார்க்க வேண்டியவை ஐந்து.

முதலில் காம்பு. இலைக்குக் காம்பு இருக்கிறதா, அல்லது இலையின் அடி நேராகத் தண்டில் உட்கார்ந்திருக்கிறதா? மகாராஷ்டிரத்தின் காஸ் பீடபூமியில் பூக்கும் டோப்லி கார்வி, அதாவது ஸ்ட்ரோபிலாந்தஸ் செசிலிஸ், காம்பில்லாத இலையால்தான் முதலில் அடையாளம் காட்டும். நீலக்குறிஞ்சியின் இலைக்குக் காம்பு உண்டு. கதிருக்குப் பக்கத்தில் உள்ள மேலிலைகளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல இனங்களில் மேலே போகப் போகக் காம்பு குறுகி இல்லாமலே போய்விடும். தண்டின் நடுப்பகுதியில் நன்றாக வளர்ந்த இலையைப் பாருங்கள்.

இரண்டாவது அடிப்பக்கம். இலையைக் கிள்ளாமல் விரலால் மெல்லப் புரட்டிப் பாருங்கள். நீலக்குறிஞ்சியின் இலையில் மேல்பக்கம் கரும்பச்சையாக, நரம்புகள் உள்வாங்கிச் சுருக்கம் விழுந்ததுபோல இருக்கும். அடிப்பக்கத்தில் வெளிறிய சாம்பல் வெண்மையில் மென்மயிர் அடர்ந்து, நரம்புகள் புடைத்துத் தெரியும். என்னைக் கேட்டால் நீலக்குறிஞ்சிக்கு ஒரே ஒரு படம்தான் எடுக்க முடியும் என்றால் பூவை விட்டுவிட்டு இந்த அடிப்பக்கத்தை எடுப்பேன். சோலை நிழலில் வளரும் பல குறிஞ்சிகளின் இலை அடியிலும் பச்சையாக, ஏறக்குறைய மொட்டையாக இருக்கும். அங்கேயே வழி பிரிந்துவிடும்.

மூன்றாவது ஓரம். பல் இல்லாமல் நேராக ஓடுகிறதா, வட்டமான பற்களா, கூரான பற்களா? நீலக்குறிஞ்சியில் வட்டப் பற்கள் நெருக்கமாக இருக்கும்.

நான்காவது, ஒரே கணுவின் இரண்டு இலைகளும் சம அளவா என்பது. இதைப் பலர் கவனிப்பதில்லை. குறிஞ்சிகளில் பல இனங்கள் ஒரு கணுவில் ஒரு பெரிய இலையும் ஒரு சின்ன இலையுமாகப் போடும். பூச்சி தின்றதாலோ முறிந்ததாலோ சின்னதாகத் தெரிகிறதா என்று நாலைந்து கணுக்களில் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஐந்தாவது நரம்பு. நடு நரம்பிலிருந்து ஒரு பக்கம் எத்தனை கிளை நரம்பு போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இது மட்டும் பெயர் சொல்லாது. இரண்டு இனங்களுக்கு நடுவே இழுபறி வரும்போது உதவும்.

தண்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்: நிறம், மயிர், முடிச்சு, சொரசொரப்பு. சங்கப் பாட்டிலேயே குறிஞ்சிக்குக் கரிய கொம்பு என்று அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கண் பூவோடு நின்றுவிடவில்லை. மகாராஷ்டிரத்துக் கார்வியில், அதாவது ஸ்ட்ரோபிலாந்தஸ் கல்லோசாவில், செடி ஆளுயரத்தைத் தாண்டிப் புதராக வளரும், தண்டின் மேல் தடிப்புகள் இருக்கும். அதன் கம்புகளை வரிசையாக நட்டு மண் பூசிக் குடிசைச் சுவர் எழுப்புவார்கள்.

படி 5: தொட்டும் முகர்ந்தும்

மயிரில் இரண்டு வகை. சாதா மயிர் ஒன்று, நுனியில் சிறு உருண்டையோடு பிசின் சுரக்கும் சுரப்பி மயிர் ஒன்று. லென்ஸில் நுனி பளபளப்பது தெரியும். விரலால் தொட்டால் ஒட்டும். சஹ்யாத்ரியின், அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின், வடபகுதியில் வளரும் ஸ்ட்ரோபிலாந்தஸ் இக்ஸியோசெஃபாலாவின் பூந்தலை அப்படிப் பிசுபிசுக்கும், வாசனையும் அடிக்கும். அந்தப் பக்கம் போகிறவருக்கு இது கைமேல் கிடைக்கும் அடையாளம்.

எந்த மயிர் எங்கே என்பதைத் தனித்தனியாக எழுத வேண்டும்: தண்டில், இலையில், செதிலில், புல்லியில், அல்லிக் குழாயின் வெளியே, உள்ளே. “மயிர் உண்டு” என்று மொத்தமாக எழுதினால் பிறகு யாருக்கும் பயன்படாது. மழையில் நனைந்த செடியில் பிசின் தெரியாது, காய்ந்த பிறகு பாருங்கள்.

படி 6: கதிரும் பூவடிச் செதிலும்

இலைக்கு அடுத்து எடை அதிகம் இதற்குத்தான். ஒவ்வொரு பூவுக்கும் அடியில் இலை போன்ற சின்ன உறுப்பு ஒன்று இருக்கும், அதுதான் பூவடிச் செதில். பூவிலேயே கண்ணை வைத்திருப்பவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

பூக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று முதலில் பாருங்கள். நீளமான கதிரா, குட்டையான உருண்டைத் தலையா, கிளைவிட்டுப் பரந்த கொத்தா? கதிர் தண்டின் நுனியில் மட்டுமா, இலை தண்டோடு சேரும் மூலைகளான இலைக்கக்கங்களிலும் உண்டா? நீலக்குறிஞ்சியில் நுனியிலும் கக்கங்களிலும் கதிர்கள் நெருக்கமாக வரும். அதனால்தான் பூத்த செடியில் இலையே தெரியாத அளவுக்கு நீலமாகிறது.

அடுத்து செதில்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுபோல் கவிந்து பூக்களை மூடுகின்றனவா, அல்லது இடைவெளி விட்டு நிற்கின்றனவா? ஸ்ட்ரோபிலாந்தஸ் லூபுலினா என்ற இனத்துக்கு அந்தப் பெயர் வந்ததே, செதில்கள் கவிந்த அதன் தலை பீருக்குப் போடும் ஹாப் செடியின் காய்த்தலையை ஒத்திருப்பதால். செதிலின் வடிவம், நுனி கூரா மழுங்கலா, ஓரத்தில் மயிர் வரிசை கட்டி நிற்கிறதா, பூ உதிர்ந்த பின்னும் செதில் நிற்கிறதா, உதிர்ந்துவிடுகிறதா? இவை ஒவ்வொன்றும் இனத்துக்கு இனம் மாறும், ஆனால் ஒரே இனத்துக்குள் அதிகம் மாறாது. நிறத்தை நம்பக்கூடாது, செதிலை நம்பலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

செதிலை விலக்கினால் புல்லி. ஐந்து மடலும் சம நீளமா, ஒன்று மட்டும் நீண்டிருக்கிறதா என்று அடிக்கோலை வைத்துப் பாருங்கள். பூ விரிந்திருக்கும்போதும் காய் பிடித்த பிறகும் புல்லியின் நீளம் மாறும் இனங்கள் உண்டு, ஆகவே எந்த நிலையில் அளந்தது என்பதையும் எழுதுங்கள்.

படி 7: இப்போதுதான் பூ

உதிர்ந்த புதுப் பூ ஒன்றை எடுங்கள். குழாயின் அடி ஒடுக்கமாக இருந்து மேலே எப்படி விரிகிறது? மெல்ல மெல்ல விரிந்து மணிபோலாகிறதா, ஒரே இடத்தில் திடீரென்று அகல்கிறதா, நேராகவா, வளைந்தா? நீலக்குறிஞ்சி மணி வடிவம், நீளம் ஏறக்குறைய 2 முதல் 3 செ.மீ.

பிறகு கீறித் திறந்து மகரந்தத்தாள்களை எண்ணுங்கள். இந்தப் பேரினத்தில் இரண்டும் உண்டு, நான்கும் உண்டு. நான்கு என்றால் பெரும்பாலும் இரண்டு நீளம், இரண்டு குட்டை. தாள்களின் அடி ஒரு மெல்லிய சவ்வால் இணைந்திருக்கும். எண்ணிக்கை ஒரு நிமிடத்து வேலை, ஆனால் பாதி இனங்களை ஒரேயடியாகக் கழித்துவிடும். எண்ணும்போது உள்ளிருந்து மகரந்தப் பை உதிர்ந்த வெறும் தாளையும் சேர்த்து எண்ணுங்கள்.

நிறம் பற்றி இப்போது. நீலக்குறிஞ்சி விரியும்போது வெளிர்நீலமாக இருந்து, வயதாக ஆக ஊதாநீலமாகிறது. ஆகவே ஒரே கதிரில் இரண்டு நிறம் பார்க்கலாம். போன் கேமராவோ நீலத்தை ஊதாவாகவும் ஊதாவை நீலமாகவும் காட்டும், அதிலும் மேகமூட்டத்தில் கேட்கவே வேண்டாம். நிறம் நேரடியாகப் பயன்படுவது அது வெகுதூரம் விலகும்போதுதான். தென்மலைகளில் வளரும் ஸ்ட்ரோபிலாந்தஸ் லூரிடாவின் பூ கருஞ்சிவப்பு. அதை நீலக்குறிஞ்சி என்று யாரும் சொல்லமாட்டார்கள், குறிஞ்சி என்றே பலர் நம்பமாட்டார்கள். வெள்ளையும் அப்படித்தான். வெள்ளைப் பூ என்பதால் தனி இனம் என்று முடிவு கட்டாதீர்கள். நீல இனங்களிலும் எப்போதாவது வெள்ளைச் செடி வரும். பக்கத்துச் செடிகளின் இலையும் செதிலும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

படி 8: காயும் நாள்காட்டியும்

பூப்பு முடிந்த மலைக்கு யாரும் போவதில்லை. இனம் பிரிக்க நினைப்பவர் கட்டாயம் போக வேண்டும். காய்க்குள் விதை நான்கா இரண்டா, விதையில் மயிர் உண்டா, செடி காய்த்ததும் காய்கிறதா அல்லது திரும்பத் துளிர்க்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பல இனங்களின் விதையில் படிந்திருக்கும் மயிர் தண்ணீர் பட்டதும் எழுந்து நிற்கும். தரையில் கிடக்கும் விதை ஒன்றை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள், லென்ஸில் நல்ல காட்சி.

ஆண்டுக் கணக்கை இந்த இடத்தில்தான் கொண்டுவர வேண்டும். நீலகிரி, பழனி, மூணாறு பக்கத்து நீலக்குறிஞ்சியின் பெரும்பூப்பு 1838இலிருந்து பதிவாகியிருக்கிறது. 1982, 1994, 2006, 2018 என்று வந்து, அடுத்தது 2030. பழனி மலைப் பளியர் பழங்குடியினர் தங்கள் வயதையே இந்தப் பூப்பை வைத்துச் சொன்னார்கள். மும்பைப் பக்கத்துக் கார்விக்கு 8 ஆண்டு, 2008, 2016, 2024. காஸ் பீடபூமியின் டோப்லி கார்விக்கு 7 ஆண்டு. ஆண்டுதோறும் பூக்கும் குறிஞ்சிகளும் உண்டு. இந்த எண்களை ஆதாரமாக வைக்காமல் சந்தேகம் கிளப்பவே பயன்படுத்துங்கள். உங்கள் அடையாளம் நீலக்குறிஞ்சி என்று வந்து, ஆண்டு 2030 அல்ல என்றால், இலையடியையும் செதிலையும் இன்னொரு முறை பாருங்கள். அதன் பிறகும் நீலக்குறிஞ்சி என்றே வந்தால் கணக்கு தவறிய ஒரு தனிக்கூட்டத்தைக் கண்டிருக்கிறீர்கள். அது மதிப்பான பதிவு, அவசியம் எழுதிவையுங்கள்.

நீலக்குறிஞ்சியோடு அடிக்கடி மோதுபவை

கருங்குறிஞ்சிக் கூட்டம்: ஸ்ட்ரோபிலாந்தஸ் சிலியாட்டா, ஸ்ட்ரோபிலாந்தஸ் ஹேனியானா. கேரள ஆயுர்வேதத்தில் சகசரம் என்று பயன்படுவது இந்தக் கூட்டம்தான், சகசராதி தைலத்தில் சேர்வதும் இதுவே. உயரம் குறைந்த, ஈரமான காட்டின் அடித்தளத்தில் வளரும். நீலக்குறிஞ்சியோடு இவை குழம்புவது புகைப்படத்தில்தான், நேரில் இல்லை. காடும் உயரமுமே பிரித்துவிடும். சிலியாட்டாவின் பூ வெண்மையில் ஊதா சாயல்.

டோப்லி கார்வி: காம்பில்லா இலை, கவிழ்த்த கூடை போன்ற குட்டைப் புதர். மராத்தியில் டோப்லி என்றால் கூடை.

கார்வி: உயரம், தடித்த கம்பு, மேற்குக் கரையோர வடமலைகள். தமிழ்நாட்டு மலையில் நின்றுகொண்டு இதை முதலில் நினைக்க வேண்டியதில்லை.

உண்மையான சிரமம் உயர்மலைச் சோலை விளிம்பில்தான் இருக்கிறது. அங்கே நீலப்பூ, எதிரிலை, கதிர் எல்லாம் கொண்ட குறிஞ்சிகள் நீலக்குறிஞ்சிக்கு நாலடி தள்ளி நிற்கும். பழனி மலையின் பெயரையே தாங்கிய ஸ்ட்ரோபிலாந்தஸ் புல்னியென்சிஸ் போன்றவை இந்தக் கூட்டம். இவற்றில் வெளிறிய மயிரடர்ந்த இலையடி இல்லையென்றால் நீலக்குறிஞ்சியைக் கழித்துவிடலாம். கழித்த பிறகு மிஞ்சுவது என்ன என்பதற்குத் தாள் எண்ணிக்கை, செதில், சுரப்பி மயிர் மூன்றும் வேண்டும். படத்தை மட்டும் வைத்து இந்தக் கூட்டத்தில் இனப் பெயர் சொல்பவரை நான் நம்புவதில்லை.

பெயர்களில் ஒரு சிக்கல்

1944இல் டச்சுத் தாவரவியலாளர் பிரமெகாம்ப் இந்தப் பேரினத்தை உடைத்து ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு பேரினங்களாக்கினார். பிறகு வந்தவர்கள் பெரும்பாலும் அவற்றை ஸ்ட்ரோபிலாந்தஸிலேயே திரும்பச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் இடைக்காலத்துப் பெயர்கள் நூல்களிலும் மருந்துப் பெட்டிகளிலும் இன்னும் வாழ்கின்றன. ஃபிளெபோஃபில்லம் குந்தியானம் என்றால் நீலக்குறிஞ்சிதான். நில்கிரியாந்தஸ் சிலியாட்டஸ் என்பது மேலே சொன்ன சிலியாட்டா. கார்வியா கல்லோசா கார்வி, பிளியோகாலஸ் செசிலிஸ் டோப்லி கார்வி, தெலெபீபாலே இக்ஸியோசெஃபாலா அந்தப் பிசுபிசுப்புத் தலைக்காரர். இணையத்தில் தேடும்போது பழைய பெயரிலும் ஒருமுறை தேடுங்கள். நல்ல படங்கள் பல அதன் கீழ்தான் கிடக்கின்றன.

எடுக்க வேண்டிய படங்கள், எழுத வேண்டிய குறிப்பு

ஒரு செடிக்கு ஏழு படம் போதும்: சரிவோடு சேர்ந்த முழுக்கூட்டம், தனிச் செடி, நடுத்தண்டு இலையின் மேல்பக்கம், அதே இலையின் அடிப்பக்கம், பக்கவாட்டில் கதிர், செதிலும் புல்லியும் தெரியும்படி நெருக்கம், அடிக்கோலுக்குப் பக்கத்தில் கீறித் திறந்த உதிர்ந்த பூ. ஏழும் ஒரே செடியைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். பூவை ஒரு செடியிலும் இலையை அடுத்த செடியிலும் எடுத்தால், இரண்டு இனம் கலந்து நிற்கும் இடத்தில் இல்லாத மூன்றாவது இனம் ஒன்று பிறந்துவிடும். பூ ஒன்றுக்காகப் பாதையை விட்டு இறங்கி நடுச்சரிவுக்குப் போக வேண்டாம். பாதையோரச் செடியே போதும், மிதிபட்ட இளஞ்செடி அடுத்த பூப்பில் இருக்காது.

ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற தளங்களில் ஏற்றும்போது கணினி பரிந்துரைக்கும் பெயரை அப்படியே ஏற்காதீர்கள். நீலப்பூ, மலை, இந்தியா என்று பார்த்ததும் அது நீலக்குறிஞ்சி என்று சொல்லத் துடிக்கும். உங்களுக்குத் தெரிந்த அளவில் நிறுத்துங்கள். “ஸ்ட்ரோபிலாந்தஸ்” என்று பேரினத்தோடு விட்டு, குறிப்பில் “இலையடி மொட்டை, தாள் நான்கு, செதில் ஓரத்தில் சுரப்பி மயிர்” என்று ஒரு வரி எழுதினால், தவறான இனப் பெயரைவிட அது பல மடங்கு பயன். அறிந்தவர் ஒருவர் பின்னாளில் அந்த வரியைப் பிடித்துப் பெயர் சொல்லிவிடுவார். நேரில் ஒப்பிட விரும்பினால் திருச்சி ராபினாட் உலர்தாவரகம், கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல அலுவலகம் போன்ற இடங்களில் காய்ந்த மாதிரிகள் இருக்கின்றன. முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

பழகத் தொடங்க 2030 வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2018இல் பூத்து மடிந்த செடிகளின் விதையிலிருந்து முளைத்தவை இப்போது அந்தச் சரிவுகளில் பூவில்லாமல் நிற்கின்றன. கொடைக்கானலுக்கோ மூணாறுக்கோ அடுத்த முறை போகும்போது நாலாவது படியை மட்டும் செய்து பாருங்கள்: காம்பு, அடிப்பக்கம், ஓரம், ஜோடி இலைகளின் அளவு, நரம்பு. பூ கண்ணில் படாததால் கவனம் சிதறாது, அரை மணி நேரத்தில் கை பழகிவிடும்.